பள்ளிக்கூடப் படலையும் துப்பாக்கியும்

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிய அனுமதிப்பத்திரம் உடையவர்கள் அரச பல்கலைக்கழக வளாகங்களுக்குள் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பதே அச்சட்டம். அதே மாநிலத்தின் ஒஸ்ரின் நகரப் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறி நின்று ஒருவன் கண்ணிற் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளியதும் ஓர் ஆகஸ்ட் முதலாம் திகதியே. அது 1966ஆம் ஆண்டு. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழிந்த அதே நாளில், அதே வளாகத்துக்குள் துப்பாக்கி சட்டபூர்வமாக நுழைந்தது.

அந்நாட்டில் இது பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. பாடசாலையிலிருந்து ஆயிரம் அடி தூரத்துக்குள் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம் என 1990இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது மத்திய அரசின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று உயர் நீதிமன்றம் 1995இல் தள்ளிவிட, அடுத்த ஆண்டே அதனைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார்கள். 2007 ஏப்ரல் 16ஆம் திகதி வேர்ஜினியா ரெக் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். கொல்லப்பட்டோருள் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஊரொன்றிற் பிறந்த பேராசிரியர் ஜீ.வி. லோகநாதனும் ஒருவர். துப்பாக்கி உள்ளே வந்ததனாலேயே அவர்கள் இறந்தார்கள் என்றனர் ஒரு சாரார். அவர்களிடமும் துப்பாக்கி இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள் என்றனர் மறுசாரார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடந்த அரை நூற்றாண்டைக் கழித்தவர்களுக்கு இந்த விவாதம் சற்று விநோதமாகவே தோன்றும். எங்கள் பள்ளிக்கூடங்களுக்குள் ஆயுதத்துடன் வந்தவர்கள் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்து வரிசையில் நின்றவர்கள் அல்லர். ஒருபுறம் சட்டத்தின் பெயரால் வந்தார்கள். மறுபுறம் அந்தச் சட்டத்தையே ஏற்காதவர்கள் வந்தார்கள். இவ்விரு பகுதியாருக்கும் இடையில் படலையில் நின்றவர் அதிபர். அவர் கையில் இருந்தது ஒரு பிரம்பும் ஒரு மணியும் மட்டுமே. ஆயுதமும் பாடசாலையும் பற்றிய எங்கள் வரலாறு உண்மையில் அந்தப் படலையின் வரலாறேயாகும்.

பூட்டிய அறையில் இருந்த துப்பாக்கி

துப்பாக்கி எங்கள் கல்லூரிகளுக்குள் முறைப்படி வந்து போன காலமொன்றும் இருந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிந்திருக்க நியாயமில்லை. கொழும்பு றோயல் கல்லூரியில் 1881இல் ஆரம்பிக்கப்பட்ட கடேற் படையணி முறை காலப்போக்கில் நாட்டின் பெரிய கல்லூரிகளுக்கெல்லாம் பரவியது. குடாநாட்டின் முன்னணிக் கல்லூரிகளும் அதற்கு விலக்கல்ல. பரியோவான் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் காக்கிச் சீருடை அணிந்த மாணவர்கள் அணிவகுத்தார்கள். தியத்தலாவைப் பயிற்சி முகாமுக்குச் சென்று வருவதும், ஹேர்மன் லூஸ் கிண்ணத்துக்காக அகில இலங்கை அணிகளுடன் போட்டியிடுவதும் அக்கால மாணவருக்குப் பெருமையான விடயங்கள்.

அந்த ஏற்பாட்டின் இயல்பை இங்கு நோக்குதல் வேண்டும். துப்பாக்கி மாணவனுக்கு உரியதன்று. அது அரசின் உடைமை. பயிற்சிக்கென எடுக்கப்பட்டு, எண்ணிக்கை சரிபார்த்துத் திருப்பி வைக்கப்படுவது. அணியின் பொறுப்பதிகாரி வெளியிலிருந்து வந்த ஒருவரல்லர். காலையில் கணிதமோ ஆங்கிலமோ கற்பித்த அதே ஆசிரியர்தான் மாலையில் அணிக்குக் கட்டளையிட்டார். அவருக்கு மேலே அதிபர் இருந்தார். ஆக, பாடசாலைக்குள் ஆயுதம் இருந்தபோதிலும் பாடசாலையின் அதிகாரம் ஆயுதத்துக்கு மேலேயே இருந்தது. பின்னர் நடந்தவற்றை அளப்பதற்கு இதுவே எங்களிடமுள்ள அளவுகோல்.

பாடசாலைக்கு வெளியே நிலவிய சட்டமும் அன்று எளிமையானதே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டத்தின்படி துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். பயிரைக் காக்க வேண்டிய கமக்காரரும் வேட்டைப் பிரியர்களும் கச்சேரிக்குப் போய் அதனைப் பெற்றுக்கொண்டார்கள். குண்டு போன்ற அபாயகரமான ஆயுதங்களுக்கென 1966இல் 18ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டு சட்டங்களும் ஒரே ஒருவரை மனதிற் கொண்டே எழுதப்பட்டவை. அவர், அனுமதியின்றி ஆயுதம் வைத்திருக்கும் தனிமனிதர். சீருடை அணிந்து ஆயுதத்துடன் வருபவர் பாடசாலைக்குள் நுழையலாமா, நுழைந்தால் எவ்வளவு காலம் இருக்கலாம் என்ற கேள்வி இச்சட்டங்களை எழுதியவர்களுக்கு எழவில்லை. எழுவதற்கான காரணமும் அன்று இருக்கவில்லை.

கடைசி வாங்குகள் வெறுமையாகின

1970களின் தொடக்கத்திற் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், பல்கலைக்கழக அனுமதியையே வாழ்வின் ஒரே ஏணியாகக் கருதிய ஒரு சமூகத்தை அடியோடு உலுக்கியது. 1970இல் தமிழ் மாணவர் பேரவை தோன்றியது. உரும்பிராயைச் சேர்ந்த பொன்னுத்துரை சிவகுமாரன் 1974 யூன் 5ஆம் திகதி, பொலிஸ் சுற்றிவளைப்பின்போது சயனைட் அருந்தி உயிர்நீத்தார். அரசியல் வன்முறையின் வித்து மாணவரிடையே விழுந்தது இவ்வாறுதான். அதற்கு அரசின் பதில் 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமாக அமைந்தது.

1983 யூலை வன்செயல்களின் பின்னர் நிலைமை முற்றாக மாறியது. பல்வேறு இயக்கங்களும் உயர்தர வகுப்புகளிலிருந்தே ஆட்களைத் திரட்டின. வகுப்பறைகளின் கடைசி வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. காலையில் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் ஆசிரியர் மேலும் கேட்பதில்லை. அடுத்த பெயரைக் கூப்பிடுவார். படகேறிப் போனவன் சில மாதங்களின் பின்னர் திரும்பி வந்தபோது அவன் தோளில் துப்பாக்கி இருந்தது. அவன் தன் பழைய பள்ளிக்கூடத்துக்கு வந்தால் அவனைப் பழைய மாணவன் என்று வரவேற்பதா, ஆயுததாரி என்று மறிப்பதா என்பதற்கு எந்தக் கல்விச் சுற்றுநிருபத்திலும் விடை இருக்கவில்லை.

விடை தேட முயன்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். பரியோவான் கல்லூரி அதிபர் சி.ஈ. ஆனந்தராஜன் 1985 யூன் 26ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். போர்நிறுத்தம் நிலவிய அந்நாட்களில் தமது கல்லூரி மாணவருக்கும் இராணுவத்தினருக்கும் இடையில் கிரிக்கெட் போட்டியொன்றை ஒழுங்கு செய்தமையே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். விடுதலைப் புலிகளே இக்கொலையைச் செய்தனர் என்று பலரும் எழுதியுள்ளனர். போட்டி சரியா பிழையா என்று இன்றும் வாதிடுவோர் உளர். ஆனால் ஒரு கல்லூரியின் மைதானத்தில் யார் விளையாடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அதிபரின் கையிலிருந்து பறிக்கப்பட்டது அன்றுதான் என்பதில் ஐயமில்லை.

முகாமாகிய பள்ளிக்கூடம்

1987 மே 26ஆம் திகதி வடமராட்சியில் ஆரம்பமான இராணுவ நடவடிக்கையின் முடிவில் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் படைமுகாமாகியது. மேல்மாடிக் கட்டடங்களும் சுற்றுமதிலும் கிணறும் விசாலமான மைதானமும் கொண்டிருப்பதால், எந்தப் படைக்கும் முதலிற் கண்ணிற் படுவது ஊர்ப் பள்ளிக்கூடமே. உலகெங்கும் இதுவே வழக்கம். யூலை 5ஆம் திகதி வெடிமருந்து நிரப்பிய வாகனமொன்று அந்த முகாமுக்குள் செலுத்தப்பட்டு வெடிக்க வைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் முதலாவது கரும்புலித் தாக்குதல் அது.

அந்நாளை ஒரு தரப்பு வீர வரலாற்றின் தொடக்கமாக எழுதியது. மறுதரப்பு இழப்புக் கணக்கில் எழுதியது. இரண்டு எழுத்துகளிலும் விடுபட்டுப் போன செய்தி ஒன்று உண்டு. இடிந்து விழுந்தது ஒரு பள்ளிக்கூடம் என்பதே அது. அதனை முகாமாக்கியவர்களும் அதனைத் தாக்கியவர்களும் அக்கட்டடத்தை அதன் சொந்தப் பெயரால் நினைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பகுதியாரின் ஆயுதம் நுழைந்துவிட்டால் மறுபகுதியாரின் ஆயுதமும் அதனைத் தேடி வரும் என்ற பாடத்தை நெல்லியடி எமக்குக் கற்பித்தது.

அந்தப் பாடம் அதே ஆண்டு ஒக்ரோபரில் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தது. பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974இல் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகிய யாழ். பல்கலைக்கழகத்தின் மைதானத்தில், ஒக்ரோபர் 11ஆம் திகதி நள்ளிரவையடுத்து இந்தியப் படையினர் ஹெலிகொப்டர்களிலிருந்து இறக்கப்பட்டனர். அயலிலுள்ள கொக்குவில் பிரம்படிப் பகுதியில் இருந்ததாகக் கருதப்பட்ட புலிகளின் தலைமையகமே அவர்களின் இலக்கு. இறங்கிய சீக்கிய காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் அம்மைதானத்திலும் சுற்றாடலிலும் மடிந்தனர். எஞ்சிய ஒருவர் பிடிபட்டார். பிரம்படியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அதே மாதம் கொக்குவில் இந்துக் கல்லூரியில் அடைக்கலம் புகுந்திருந்த அகதிகளும் தாக்குதலுக்கு இலக்காகினர். பள்ளிக்கூடக் கூரையின் கீழ் இருந்தாற் பாதுகாப்பு என்ற பழைய நம்பிக்கை அத்தோடு போயிற்று.

1989இல் இந்தியப் படை வெளியேறத் தயாராகிய வேளையில், அதனோடு இணைந்து செயற்பட்ட இயக்கங்கள் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்களைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றன. பாடசாலைக்கும் ரியூற்றறிக்கும் போன பிள்ளைகள் வீதியில் மறிக்கப்பட்டனர். தாய்மார் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்தனர். அவ்வாண்டு செப்ரெம்பர் 21ஆம் திகதி, மருத்துவ பீட உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாப் பகுதியாரின் ஆயுதங்களைப் பற்றியும் ஒரே அளவுகோல் கொண்டு எழுதியவர் அவர்.

எது ஆயுதம்?

1990இல் இரண்டாம் கட்டப் போர் மூண்டதும் குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அரசு பொருளாதாரத் தடையை விதித்தது. ரோச் லைற் பற்றரி முதல் பசளை வரை பலவும் போர்க்களத்துக்கு உதவும் பொருட்கள் என்ற பட்டியலில் இடம்பெற்றன. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலில் திரி போட்டுச் சிறு விளக்கேற்றி ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது. ஒரு மாணவன் இரவிற் படிப்பதற்குத் தேவையான பற்றரியைச் சட்டம் ஆயுதத்தின் உறவினனாகக் கணித்தது.

மறுபுறம், போராட்டத்தில் இணையுமாறு கோரும் பரப்புரைகள் பள்ளிக்கூட மண்டபங்களுக்குள்ளேயே நிகழ்ந்தன. பதினெட்டு வயது நிரம்பாத பலர் பாடப்புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார்கள். சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றிருந்தது. எனினும் போரில் ஈடுபடுத்தக்கூடிய ஆகக் குறைந்த வயதாக அது குறித்திருந்தது 15ஐயே. 1998 மே மாதம் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வன்னிக்கு வந்தபோது, 18 வயதுக்குட்பட்டோரைப் போரில் ஈடுபடுத்துவதில்லை, 17 வயதுக்குட்பட்டோரைச் சேர்ப்பதில்லை எனப் புலிகள் வாக்களித்தனர். அவ்வாக்கு காப்பாற்றப்படவில்லை என்பதைப் பின்னர் வந்த ஆண்டுகளின் அறிக்கைகள் காட்டின.

1995 செப்ரெம்பர் 22ஆம் திகதி மதியம், வடமராட்சி கிழக்கிலுள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது விமானப்படை குண்டு வீசியது. 20க்கும் மேற்பட்ட மாணவர்கள் கொல்லப்பட்டனர். அதற்கு முதல்நாள்தான் போர்ச் செய்திகளுக்கு அரசு தணிக்கை விதித்திருந்தது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இவ்விரு திகதிகளும் அருகருகே வந்தமை மறக்கக்கூடியதன்று. நாட்டின் தென்பகுதி வாசகர்களுட் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகளைப் பற்றி அன்று அறியவே இல்லை.

அவ்வாண்டு இறுதியில் யாழ். நகர் படையினர் வசமானது. 1996இல் மக்கள் மீண்டபோது ஒவ்வொரு சந்தியிலும் சென்றி இருந்தது. மாணவர் சைக்கிளால் இறங்கி, புத்தகப்பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டிய பின்னரே பள்ளிக்கூடம் போகலாம். 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசாமி கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டார். அவரும், அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் நீதிமன்றம் படையினரைக் குற்றவாளிகளாகக் கண்டது. தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் வெளியிட்ட தகவலே செம்மணிப் புதைகுழிகள் பற்றிய விசாரணைக்கு வழி திறந்தது. மாணவியின் பையில் ஆயுதம் உண்டா என்று பார்ப்பதற்கென வைக்கப்பட்ட சாவடி அது. ஆயுதம் இருந்தது சோதித்தவர்களிடம்.

நூற்றறுபது நாட்கள்

இத்தனை ஆண்டுகளில், ஆயுததாரிகள் பாடசாலையை விட்டுப் போகவேண்டும் என்று இரு தரப்பும் கையொப்பமிட்டு ஒப்புக்கொண்ட ஆவணம் 2002 பெப்ரவரி 22ஆம் திகதிய போர்நிறுத்த உடன்படிக்கையாகும். அதன் 2.3ஆம் பிரிவு தெளிவானது. எந்தத் தரப்பு வைத்திருக்கும் பாடசாலைக் கட்டடமாயினும் அதனை விட்டு வெளியேறி, உரிய பயன்பாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து 160 நாட்களுக்குள் இது பூர்த்தியாதல் வேண்டும். உடன்படிக்கை பெப்ரவரி 23ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் ஆகஸ்ட் 2ஆம் திகதியுடன் தவணை முடிகின்றது.

இப்பிரிவுக்கு முந்திய 2.2ஆம் பிரிவையும் சேர்த்து வாசிப்பது பயன் தரும். கோவில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள் ஆகியவற்றை விட்டு வெளியேற 30 நாட்கள் தரப்பட்டன. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அமைந்த வழிபாட்டிடமாயினும் ஆயுதம் தரித்தோர் அதிலிருந்து வெளியேறவேண்டும் என அப்பிரிவு வெளிப்படையாகக் கூறியது. பாடசாலைக்கு அத்தகைய வாசகம் சேர்க்கப்படவில்லை. தெய்வத்துக்கு ஒரு மாதம், பிள்ளைகளுக்கு ஐந்து மாதத்துக்கு மேல். பேச்சுமேசையில் இருந்தவர்கள் இதனை வேண்டுமென்று செய்தார்கள் என நாம் கருதவில்லை. ஆனால் எழுதாமல் விட்ட ஒரு வாக்கியத்தின் பெறுமதியைப் பருத்தித்துறை நன்கறியும். ஹாட்லிக் கல்லூரியும் மெதடிஸ்த பெண்கள் உயர்தரப் பாடசாலையும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தன. வலிகாமம் வடக்கில் பல பாடசாலைகள் வேறு ஊர்களிற் கொட்டில்களிலும் இரவல் கட்டடங்களிலும் நடந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி தன் சொந்த மண்ணுக்கு மீண்டது 2016இலேயே. அதாவது, அப்பள்ளிக்கூடத்தில் 1990இல் முதலாம் வகுப்பிற் படித்த பிள்ளை முப்பது வயதைத் தாண்டிய பின்னர்.

போர்நிறுத்தம் தேய்ந்து கொண்டிருந்த 2005 ஒக்ரோபரில் நடந்தது இன்னும் கொடுமை. 11ஆம் திகதி கோப்பாய் கிறிஸ்தவக் கல்லூரி அதிபர் நடராஜா சிவகடாட்சம் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் 12ஆம் திகதி யாழ். மத்திய கல்லூரி அதிபர் கணபதி இராசதுரை சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரின் அரசியற் சார்பும் ஒன்றல்ல. ஆயுதங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு இரண்டு அதிபர்களின் உயிர் மொழியாகப் பயன்பட்டது. இருபத்துநான்கு மணி நேரத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களின் படலைகள் காவலற்றுப் போயின.

சட்டப் புத்தகத்தில் உள்ளவை

சட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையையும் ஏனைய வன்முறைகளையும் தடுக்கும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், சட்டபூர்வமான காரணமின்றிக் கல்வி நிறுவன வளவைப் பலாத்காரமாக ஆக்கிரமித்தலைப் பத்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. அச்சட்டம் நிறைவேறிய நாளில் குடாநாட்டின் பாடசாலைகள் பல முட்கம்பிக்கு உள்ளே இருந்தன. ஆனால் அச்சட்டம் மனதிற் கொண்டது கட்டடத்தைக் கைப்பற்றும் மாணவனை. மைதானத்தைக் கைப்பற்றிய படையை அன்று. 2006இன் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் சிறுவரை ஆயுத மோதலுக்குச் சேர்ப்பதைத் தண்டனைச் சட்டக்கோவையிற் குற்றமாகச் சேர்த்தது. நல்ல சட்டம். ஆயினும் இடாப்பிலிருந்து ஒரு தலைமுறையின் பெயர்கள் வெட்டப்பட்ட பின்னர் வந்த சட்டம்.

போர் 2009 மேயில் முடிந்தது. அதன்பின் பாடசாலைக்கும் படைக்கும் இடையிலான எல்லை வேறொரு வகையில் மங்கியது. 2011 மே மாதம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானோருக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. சுற்றிவளைப்புகளில் தலைகுனிந்து நின்ற பிள்ளைகள், பட்டப்படிப்புக்கு முதற்படியாக முகாம் வாசலில் நிற்கவேண்டியதாயிற்று. 2012 நவம்பர் 27ஆம் திகதி யாழ். பல்கலைக்கழக மாணவர் விடுதிகளுக்குள் படையினர் புகுந்தனர். அங்கு ஏற்றப்பட்டிருந்தவை தீபங்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிய உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களையடுத்து மே 3ஆம் திகதி பல்கலைக்கழகம் மீண்டும் சோதனையிடப்பட்டு, மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகினர். அக்கைதுக்கு அடிப்படையாகக் காட்டப்பட்டவை சுவரில் இருந்த படங்களே.

அதே மே மாதம் பாடசாலைகள் திறந்தபோது வேறொரு காட்சியையும் காண முடிந்தது. நாடெங்கும் பெற்றோர் முறை வைத்துப் படலையில் நின்று புத்தகப்பைகளைப் பார்த்தார்கள். பையைத் திறந்த பிள்ளைக்கு எதிரே நின்றது இன்னொரு பிள்ளையின் தாய். பயம் அதே பயந்தான். ஆனால் படலை ஊராரின் கையில் இருந்தது.

இனி எழுத வேண்டியது

2010களில் ஆவா குழு போன்ற பெயர்கள் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தன. வாள்வெட்டுச் செய்தி இல்லாத வாரம் அரிதாகிய காலமும் இருந்தது. பாடசாலை விட்டு விலகிய இளைஞர்கள் மட்டுமன்றி, பாடசாலை செல்வோரும் இவற்றிற் சம்பந்தப்பட்டிருந்தமை பெற்றோரை நடுங்க வைத்தது. இத்தகைய வேளைகளில், படையினரையோ ஆயுதம் தாங்கிய பொலிசாரையோ பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினால் என்ன என்ற குரல் எழுவது இயல்பு. அக்குரலை எழுப்புவோரின் அச்சத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் வாளுக்கு மருந்தாக வரும் துப்பாக்கி, நோய் மாறிய பின்னரும் வீட்டை விட்டுப் போவதில்லை என்பது எங்கள் வரலாறு. ஒருமுறை வந்த துப்பாக்கியை வெளியே அனுப்ப உடன்படிக்கையின் 160 நாட்கள் போதவில்லை. சில பாடசாலைகளுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

உலகம் இதுபற்றிச் சிந்தித்துத்தான் இருக்கின்றது. 2015 மே மாதம் ஒஸ்லோவில் பாதுகாப்பான பாடசாலைகள் பிரகடனம் வெளியிடப்பட்டது. போர்க்காலத்திலும் இயங்கும் பாடசாலைகளைப் படைத்தேவைக்குப் பயன்படுத்தலாகாது என்பது அதனோடு இணைந்த வழிகாட்டலின் சாரம். 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதனை ஏற்றுள்ளன. அது சட்டமன்று, அரசியல் வாக்குறுதி மட்டுமே. ஆயினும் எங்கள் ஊர்ச் சட்டங்கள் எழுத மறந்த பகுதியை அது எழுதியிருக்கின்றது. சீருடை அணிந்தவரையும் அது கேள்விக்கு உட்படுத்துகின்றது.

எமக்கு வேண்டியவை மூன்று எளிய விதிகள். முதலாவது, உயிராபத்தான வேளை தவிர, எவராயினும் அதிபரின் எழுத்துமூலச் சம்மதமின்றி ஆயுதத்துடன் பாடசாலை வளவுக்குள் வரலாகாது. பரிசளிப்பு விழாவுக்கு வரும் பிரமுகரின் மெய்க்காவலரும் இதில் அடங்குவர். இரண்டாவது, எந்த அவசர நிலையிலும் பாடசாலை முகாமாகலாகாது. தவிர்க்க முடியாது ஆகிவிட்டால், திருப்பிக் கொடுக்கும் திகதி முதல்நாளே எழுதப்படல் வேண்டும். அத்திகதிக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்ற விலக்கு இருத்தலாகாது. மூன்றாவது, மாணவனிடம் ஆயுதம் காணப்பட்டால் முதல் விசாரணை அதிபருக்கும் பெற்றோருக்கும் உரியது. பொலிசார் அதிபரின் அழைப்பின் பேரில் வரட்டும். அதிபரைத் தாண்டி வரலாகாது.

ஒவ்வொரு பாடசாலையிலும் சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. அதிபர் தன் கையால் எழுதி ஒப்பமிடுவது. போர்க்காலத்திற் பல புத்தகங்கள் எரிந்து போயின. எஞ்சியவற்றில், இன்ன திகதியில் இன்னார் ஆயுதங்களுடன் வந்தனர், இன்ன கட்டடத்தை எடுத்துக்கொண்டனர், இன்ன திகதியிற் போயினர் என்ற வரிகள் இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற அதிபர்களும் ஆசிரியர்களும் இன்னும் எம்மிடையே வாழ்கின்றார்கள். அவர்கள் மறைவதற்கு முன்னர் அவ்வரிகளைத் தொகுத்தல் வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்தின் படலை எந்த நாளில் யார் கையிற் போனது, எந்த நாளில் மீண்டது என்ற ஒரு பட்டியல் எங்கள் கையில் இருக்குமானால், இனி ஒருவர் ஆயுதத்துடன் வந்து கதவைத் தட்டும்போது, அதிபர் பிரம்பையும் மணியையும் விட வலிமையான ஒன்றைக் கையில் வைத்திருப்பார்.